ஆளுக்குக் கொஞ்சம் வலி

கோவில்பட்டியில் நடந்த அந்தக் காதுகுத்து விருந்தில், இரண்டாம் பந்திக்குச் சாம்பார் வந்துகொண்டிருந்தபோது, மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார்கள்.

நாதஸ்வரம் ஒரு கணம் அறுந்து, பிறகு வேறு ஏதோ ராகத்தில் போய் ஒட்டிக்கொண்டது. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் இலையை விட்டுவிட்டு ஒருவர் மடியில் ஊற்றினார். மடிக்கு உரியவரும் அந்நேரம் கண்ணை இறுக மூடியிருந்ததால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போயிற்று. மேடையில் குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்மாமன் துள்ளிய துள்ளலில், ஊசியோடு நின்ற ஆசாரி, "மாமா, காது பிள்ளைக்கா உமக்கா?" என்று கேட்டார்.

நெளியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து மூன்றாவது வடையைப் பிட்டுக்கொண்டிருந்தவர் தவமணி அண்ணாச்சி. சுற்றிலும் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஊருக்கே வாயுவா?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இடுப்பைப் பிடித்திருந்தவர்களும், வலி விலகியதும், மரியாதைக்குச் சிரித்தார்கள்.

எதிர்வரிசையில் இருந்த நிலோஃபருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த வலி முழுக்க முழுக்க அண்ணாச்சியுடையது. அதை அவர் அல்ல, மற்றவர்கள் அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு வழி செய்துகொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

நிலோஃபர் ஆம்பூர்க்காரி. சென்னையில் ஒரு நரம்பியல் ஆய்வு மையத்தில், மனிதர்கள் நோயின்போது எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்வது அவள் வேலை. அந்த மையம் புதிதாக ஓர் ஊசியைக் கண்டுபிடித்திருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கக் கோவில்பட்டியைத் தேர்ந்தெடுத்து, கூடவே அவளையும் அனுப்பியிருந்தார்கள். தவமணி அண்ணாச்சி வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருந்தாள். ஊசி முகாம் தொடங்கிய நாளில் முதலில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றவரும் அவர்தான்.

"இது எப்படி வேலை செய்யும், டாக்டர் பாப்பா?" என்று அன்று கேட்டார். மருத்துவம் படித்த டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு அவள் டாக்டர் பாப்பாதான்.

"வலிங்கறது காயத்துல இல்ல அண்ணாச்சி. காயத்துலேர்ந்து மூளைக்குப் போற சேதி. இந்த ஊசி போட்டுக்கிட்டவங்க எல்லாருக்கும் அந்தச் சேதியை நாங்க வழியில பிடிச்சுப் பிரிச்சு அனுப்ப முடியும். உங்களுக்கு வலி வந்தா, மத்தவங்க போனுக்கு 'பங்கு எடுக்கிறீர்களா'ன்னு கேள்வி போகும். எடுத்துக்கறேன்னு சொன்னவங்களுக்கு எல்லாம் சமமாப் பிரிஞ்சு போயிடும்."

"லாரில வர்ற சரக்கைப் பத்து ஆட்டோவுல பிரிச்சு ஏத்துற மாதிரி."

"அதேதான்."

"எனக்கு?"

"ஒருத்தர் பிடிச்சிருந்தாக்கூட உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நோயாளிக்கு முழு ஓய்வு. அதுதான் இதோட நோக்கம்."

"பேஷ்," என்று கையை நீட்டினார் அண்ணாச்சி. ஊசியின் வேலை ஆறு மாதம் இருக்கும், நடுவில் எடுக்க முடியாது என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

கடைவீதியில் அவருக்குப் பாத்திரக்கடை. ஊரில் ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு பூப்புனித நீராட்டு அவர் இல்லாமல் நடக்காது. யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பார். அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் லேசாக வலிக்கத் தொடங்கியதும் ஊர் போன்களெல்லாம் 'தவமணிக்கு வலி' என்று சிணுங்கின. சிணுங்கிய வேகத்தில் முந்நூறு பேருக்கு மேல் பங்கு எடுத்துவிட்டார்கள். யார் யார் என்று யாருக்கும் தெரியாது. போன் எண்ணிக்கையை மட்டும் காட்டும். அந்த எண்ணிக்கை போதும் அண்ணாச்சிக்கு. காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்த்துவிட்டு அதைத்தான் பார்ப்பார்.

"எதிர்க்கடை ஞானசிகாமணிக்குப் பல்வலி வந்தப்போ எத்தனை பேரு தெரியுமா?" என்று மனைவி சந்தனக்கனியிடம் கேட்பார். "நூத்தி எம்பது. அதுலயும் பாதி அவன் மச்சினன்மாரு."

சந்தனக்கனி தோசையைத் திருப்பிப் போடுவாள்.

முந்நூறு பேருக்குப் பிரித்தால் எந்த வலியும் எறும்புக்கடிதான். அதனால் யாரும் கவலைப்படவில்லை. எல்லார் பங்கையும் கூட்டிப் பார்க்கிற பழக்கம் அந்த ஊரில் நிலோஃபர் ஒருத்திக்குத்தான் இருந்தது. கூட்டிப் பார்த்தவள் மறுபடி ஒருமுறை கூட்டினாள். அது பிரசவ வலியைத் தொட்டுக்கொண்டிருந்தது. காதுகுத்து மண்டபத்தில் துள்ளியது இன்னும் அதிகம். அதாவது, வலி வளர்ந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அண்ணாச்சி ஓர் அண்டாவைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வலி இல்லாதவன் ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டர் சிரிப்பாக, பாப்பா."

"வலி இருக்கு அண்ணாச்சி. உங்ககிட்ட இல்ல, அவ்வளவுதான்."

"எங்கிட்ட இல்லாதது எப்படி என் வலியாகும்? இந்த வாரமே வியாபாரிகள் சங்கத் தேர்தல். தலைவருக்கு நிக்கேன். இப்பப் போயி ஆஸ்பத்திரியில படுத்தா ஞானசிகாமணி என்ன சொல்லுவான்? 'சீக்காளிக்கா ஓட்டு'ன்னு போஸ்டர் அடிப்பான்."

சென்னைக்கு, மையத்தின் தலைவர் பேராசிரியர் வரதனுக்கு, போன் போட்டாள். இவர் ஒருவருக்கு மட்டும் நிறுத்த முடியுமா என்று கேட்டாள்.

"அப்படி ஒரு வசதி வைக்கலையேம்மா. நிறுத்தினா மொத்தமா நிறுத்தணும். நிறுத்தலாமா, நீயே சொல்லு."

பெரியாஸ்பத்திரியில் பட்டாசு ஆலைத் தீயில் வெந்துபோன ஒரு பெண் இருந்தாள். அவளுடைய வலியை ஊரில் எண்பது பேர் பிரித்து எடுத்திருந்தார்கள். அதனால்தான் அவள் தூங்கினாள். மொத்தமாக நிறுத்தினால் அவள் அலறிக்கொண்டு விழிப்பாள்.

நிலோஃபர் மாடியிலிருந்து இறங்கி, அடுப்படியில் இருந்த சந்தனக்கனியிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நெருங்கிய ஆள்போல் வளவளவென்று பேசுகிறவள் அல்ல சந்தனக்கனி. கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"அப்ப ஒரே வழிதான். பிடிச்சிருக்கிற அத்தனை பேரும் விடணும். விட்டா இந்த மனுசனுக்கு வலிக்கும். வலிச்சாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாக."

"ஆமாக்கா. ஆனா ஆய்வு செய்யற நான் இதுல தலையிடக்கூடாது."

"நீ தலையிட வேண்டாம். கூட நட. நான் பேசுதேன். முதல் ஆளா எம்பங்கை விட்டுருதேன், பாரு." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துத் தட்டிவிட்டு மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் இருவரும் தெருத்தெருவாக ஏறி இறங்கினார்கள். முதல் நாள் முழுக்கத் தோல்விதான். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், கவலைப்பட்டார்கள். ஒருவரும் விடவில்லை.

"எறும்பு கடிச்ச மாதிரிதாம்க்கா இருக்கு. இதைக்கூடத் தாங்கலைன்னா நாளைக்கு அண்ணாச்சி முகத்துல எப்படி முழிக்க?" என்றார் கணக்கு வாத்தியார்.

"அடுத்த வீட்டுக்காரன் விட்டுட்டானா? அவன் விட்டதும் சொல்லுங்க, நான் விடுதேன்," என்றார் மிட்டாய்க்கடை லிங்கப்பன். அடுத்த வீட்டுக்காரரும் லிங்கப்பனைக் காட்டி அதையே சொன்னார்.

நிலோஃபருக்கு ஆராய்ச்சியாளராக ஒரு பக்கம் ஆனந்தமாக இருந்தது. பங்கு எடுத்ததாகச் சொன்னவர்களை எண்ணினால் ஐந்நூறைத் தாண்டியது. எடுத்தவர்களோ முந்நூற்றுச் சொச்சம். இதை வைத்தே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். மறுபக்கம், நாள் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் காலை சந்தனக்கனி வேறு முகத்தோடு கிளம்பினாள். வாத்தியார் வீட்டு வாசலிலேயே நின்று, உள்ளே போகாமல் பேசினாள்.

"சார், நேத்து ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். உங்க மக கல்யாணத்துல பாயசம் போட்டீகள்லா? அதுல முந்திரியைத் தேடறதுக்கு டார்ச் லைட் வேணும்னு எங்க வீட்டுக்காரவுக இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்காக."

வாத்தியார் முகம் சிவந்தது. "தவமணியா சொன்னாரு?"

"அவுகளேதான். சரி, வாரேன்."

தெருமுனை திரும்புவதற்குள் பங்குக் கணக்கைக் காட்ட மையம் நிலோஃபருக்குக் கொடுத்திருந்த கருவியில் எண்ணிக்கை ஒன்று குறைந்தது.

அப்புறம் சந்தனக்கனியை நிறுத்த முடியவில்லை. லிங்கப்பனிடம், "உங்க கடலை மிட்டாயைக் கடிக்கதுக்கு முன்னால பல் டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கணும்னு அவுக சொல்லுதாக" என்றாள். பஜனை மடத்துப் பாடகரிடம், "நீங்க பாடும்போது நம்ம கடையில அண்டாவெல்லாம் தானா அதிருதாம்" என்றாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று இருந்தது. எதையும் யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. பீரோவைத் திறந்து அடுக்கிவைத்த புடவைகளை எடுத்துக் கொடுப்பதுபோல் எடுத்துக் கொடுத்தாள்.

ஆட்கள் குறையக் குறைய மீதி இருந்தவர்களின் பங்கு கனத்தது. எறும்புக்கடி தேள்கடியானதும், அவள் போய்ச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லாமல் பலர் தாமாகவே கழன்றுகொண்டார்கள். முந்நூறு நூறாகி, நூறு இருபதாகியது. வெயிலோ ஆளைக் கொன்றது. சந்தனக்கனி ஒவ்வொரு வாசற்படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"போதும்க்கா, மீதியை நாளைக்குப் பாத்துக்கலாம்."

"வெயிலு தாயி, வேற ஒண்ணுமில்ல. நட."

எதிர்க்கடைக்கும் போனார்கள். ஞானசிகாமணி கல்லாவில் உட்கார்ந்து, மேசையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க கடைப் பானையில தண்ணி ஊத்தினா தரையிலதான் நிக்கும்னு அவுக சொல்லுதாக," என்றாள் சந்தனக்கனி.

"நான் அவரு கடையைப் பத்திச் சொன்னதுக்கு இது கம்மிதாம்மா," என்றார் அவர். "ஆமா, எதுக்கு இங்க வந்தீக? அவரு வலியை நான் எதுக்கு எடுக்கேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

அது நியாயமாகத்தான் பட்டது. இருவரும் திரும்பிவிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் எண்ணிக்கை இரண்டில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். அசையவில்லை.

இதற்குள் தவமணி அண்ணாச்சி பாதி ஆளாகியிருந்தார். வலியால் அல்ல. கடைவீதியில் ஒருவரும் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. வாத்தியார் அவரைக் கண்டதும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறினார். தேர்தலில் அவருக்கு விழுந்த ஓட்டுகளைச் சொல்லாமல் விடுவதே மரியாதை. ராத்திரிச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே போனைப் பார்த்தார்.

"ரெண்டு பேரு, கனி. இந்த ஊர்ல எனக்குன்னு ரெண்டே பேரு மிச்சம். யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்துருவேன்."

"விழுவீக, விழுவீக. சாப்பிடுங்க," என்றாள் சந்தனக்கனி. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நிலோஃபர் மாடியில் உட்கார்ந்து கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்நூறு பேர் தாங்கியதை இப்போது இரண்டு பேர் தாங்குகிறார்கள். இது மனிதர்கள் செய்கிற காரியமா? யார் இவர்கள்? பெயரைக் காட்டாதபடி கருவியை வடிவமைத்த ஆளைத் தேடிப்போய்த் திட்டவேண்டும்போல் இருந்தது. வடிவமைத்த குழுவில் அவளும் இருந்தாள்.

திங்கட்கிழமை காலை, ஞானசிகாமணி தன் கடையிலேயே, ஒரு வாடிக்கையாளருக்குக் குக்கர் மூடியைத் திறந்து காட்டியபடி, சுருண்டு விழுந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள். செய்தி எதிர்க்கடைக்கு வர எவ்வளவு நேரம்? தவமணி அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"போகணுமா?" என்றார் கடைப்பையனைப் பார்த்து. பிறகு தானே பதில் சொல்லிக்கொண்டார். "அவன் என்னோட எதிரியாவே இருக்கட்டும். படுத்திருக்கவனைப் பாக்காம இருக்க முடியுமா?"

ஹார்லிக்ஸ் வாங்கினார். ஆரஞ்சு வாங்கினார். கடைப்பையன் நிலோஃபருக்குப் போன் போட்டதும் அவளும் சந்தனக்கனியும் ஆட்டோ பிடித்து ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் சிறுநீரக டாக்டர் இசக்கியம்மாள் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். "இவருக்குக் கிட்னி ரெண்டும் புதுப் பாத்திரம் மாதிரி இருக்கு. ஒரு மணல்கூட இல்ல. ஆனா கத்துறது என்னமோ கல் அடைச்ச ஆளு மாதிரியே கத்துதாரு. என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததே இல்ல."

கட்டிலில் ஞானசிகாமணி வில்லாக வளைந்துகிடந்தார். ஆரஞ்சுப் பையோடு உள்ளே வந்த தவமணியைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார முயன்றார்.

"வாரும். உம்ம சாமானைத்தான்வே நான் சுமந்துக்கிட்டுக் கிடக்கேன்."

தவமணியின் கையிலிருந்த பை தொங்கியது. "நீரா? நீரு எதுக்குவே எடுத்தீரு?"

"ஊரே எடுத்துச்சு. நான் மட்டும் எடுக்கலைன்னா, ஞானசிகாமணிக்குப் பொறாமைன்னு சொல்லுவாகல்லா?"

"சரி, எடுத்தீரு. ஊரே விட்டுருச்சே, நீரு ஏன் விடல?"

"விடுறதா? இன்னொருத்தன் பிடிச்சிருக்கான்னு போன்ல காட்டுதே! எவனோ ஒருத்தன் தவமணிக்காக என்னைவிட அதிகமாத் தாங்கிட்டான்னு நாளைக்குப் பேச்சு வரவா? அவன் விடட்டும். அடுத்த நிமிசம் நான் விடுதேன். ஐயோ... அம்மா..."

டாக்டர் இசக்கியம்மாளுக்கு விஷயம் புரிய இவ்வளவு போதுமாக இருந்தது. தவமணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணாச்சி, வந்தது வந்துட்டீக. அடுத்த ரூம்ல மெஷின் சும்மாதான் கிடக்கு. அஞ்சு நிமிசம் படுங்க."

"எனக்கு வலியே இல்லையே டாக்டர்."

"படும்வே!" என்று கட்டிலிலிருந்து கத்தினார் ஞானசிகாமணி. "இல்லைன்னா தவமணி மெஷினைப் பாத்துப் பயந்து ஓடிட்டாருன்னு கடைவீதி பூரா சொல்லுவேன்!"

மனைவி சொல்லிக் கேட்கவில்லை, ஆய்வாளர் சொல்லிக் கேட்கவில்லை. இதற்குப் படுத்தார்.

படத்தைப் பார்த்த டாக்டரின் பெரிய குரல் சிறியதாகிவிட்டது. புளியங்கொட்டை அளவுக்குக் கல். சிறுநீர் வழியை முழுசாக அடைத்திருந்தது. பின்னால் சிறுநீரகம் பலூன்போல் வீங்கி, சீழ் கட்டத் தொடங்கியிருந்தது.

"எத்தனை நாளாம்மா இந்தக் கூத்து?" என்று நிலோஃபரிடம் கேட்டார். அவள் சொன்னாள். "இன்னும் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தா கிட்னியும் இல்ல, ஆளும் இல்ல. வலிக்கிற ஆளு முதல் நாளே தரையில உருண்டு எங்கிட்ட வந்திருப்பான். நல்லவனா இருந்தது இவருக்குக் கேடாப் போச்சு."

தள்ளுவண்டியில் ஏற்றும்போது தவமணி ஆரஞ்சுப் பையை ஞானசிகாமணியின் கட்டிலில் வைக்கச் சொன்னார்.

அறுவை அறைக் கதவு மூடியது. வெளியே நீளமான இரும்பு பெஞ்சில் நிலோஃபரும் சந்தனக்கனியும் உட்கார்ந்தார்கள். சந்தனக்கனி சுவரில் தலையைச் சாய்த்து, பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தாள். உள்ளே மயக்க மருந்து ஏறியிருக்கவேண்டும். வார்டிலிருந்து ஞானசிகாமணியின் குரல் வராந்தா முழுக்க எதிரொலித்தது.

"போயிருச்சு! ஏ, போயிருச்சு! வலி போயிருச்சு!"

அதே கணத்தில் சந்தனக்கனியின் விரல்கள் பெஞ்சை விட்டன. நெடுநேரம் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தவள் மேலே வந்ததுபோல ஒரு பெருமூச்சு. அப்படியே நிலோஃபரின் தோளில் சாய்ந்தாள். உடம்பு துணிபோல் கிடந்தது.

நிலோஃபர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களா அக்கா? முதல் ஆளா விட்டுட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"முந்நூறு பேரை விடவெச்சுட்டு, நீங்க விடலையா? அண்ணாச்சி மேல அவ்வளவு..."

"அட, நீ ஒண்ணு." சந்தனக்கனி கண்ணைத் திறக்காமலே பேசினாள். "கடைசியில விட்டுருவோம்னுதான் வெச்சிருந்தேன். எல்லாரும் விட்ட பெறகு நான் விட்டா, அந்த நிமிசமே அவுகளுக்கு வலிக்கும், நான் பக்கத்துல இருந்து ஆட்டோவுல ஏத்திருவேன்னு கணக்கு. பாத்தா, போன்ல ரெண்டுன்னு நிக்கு. நான் விட்டேன்னா மொத்தமும் அந்த இன்னொரு ஆளு தலையில போயி விழும். யாரு பெத்த பிள்ளையோ. என்ன ஏதுன்னு தெரியாம ஒருத்தர் மேல எப்படித் தாயி முழுசா இறக்கி வைக்க?"

வார்டிலிருந்து ஞானசிகாமணி யாரிடமோ ஆரஞ்சு உரித்துத் தரச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர், ஒருவர் யாரென்று ஒருவருக்குத் தெரியாமல், ஒரே கல்லை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டு, நீ விடு நான் விடுகிறேன் என்று நின்றிருக்கிறார்கள். ஒருவர் வீம்புக்கு. ஒருத்தி இரக்கத்துக்கு. கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். நிலோஃபர் சந்தனக்கனியின் வேர்த்த நெற்றியைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள்.

மறுநாள் காலை பேராசிரியர் வரதன் உற்சாகமாகப் போன் செய்தார். "பிரமாதம்மா! முந்நூறு பேர் ஒருத்தருக்காக! யாரும் எதிர்பார்க்கலை. கொங்கு பக்கம் ஒரு பெரிய மில் முதலாளி கேள்விப்பட்டுட்டாரு. அவருக்குக் கால்ல வாதம். தன்னோட தொழிலாளிங்க எல்லாருக்கும் தன் செலவிலேயே ஊசி போடத் தயாரா இருக்காரு."

"அவங்களால 'இல்லை'ன்னு சொல்ல முடியுமா, சார்?"

"போன்ல அந்தப் பட்டன் இருக்கே."

"இங்கேயும் இருந்துச்சு சார். ஒரு பாத்திரக்கடைக்காரர்கிட்டயே யாராலும் அதை அழுத்த முடியலை. சம்பளம் குடுக்கறவர்கிட்ட யாரு அழுத்துவாங்க?" அவளே தொடர்ந்தாள். "ஊசியை மாத்தணும். வலிக்குச் சொந்தக்காரருக்கு எப்பவும் ஒரு பங்கு போகணும், யாரு எவ்வளவு எடுத்தாலும். தீக்காயத்துக்குக் கொஞ்சமா, மத்ததுக்கு நல்லாவே."

"அப்புறம் யாரும்மா இதை வாங்குவா?"

"அது எனக்குத் தெரியாது. இப்ப இருக்கற மாதிரியே போறதா இருந்தா, என் கையெழுத்து இருக்காது."

"யோசிக்கிறேன்," என்று வைத்துவிட்டார். அவர் யோசிப்பாரா, அவளுக்குப் பதிலாக வேறு ஆளைத் தேடுவாரா என்று தெரியவில்லை. ஆனாலும் காலையில் குடித்த டீ அன்றுதான் ருசித்தது.

வார்டுக்குள் போனபோது தவமணி அண்ணாச்சி விழித்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஞானசிகாமணி, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகும் போகாமல், ஆரஞ்சை முடித்துக்கொண்டிருந்தார். தவமணி மனைவியிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

"கனி, நீ சொன்னதெல்லாம் பொய்யின்னு ஒவ்வொரு வீட்டுலயும் போயிச் சொல்லிரு. வாத்தியாருகிட்ட முதல்ல."

"எது பொய்யி? பாயசம், மிட்டாய், அண்டா அதிருறது எல்லாம் நீங்க சாப்பிட உக்காந்து சொன்னதுதான? நான் ஒரு வார்த்தை சேக்கலையே."

ஞானசிகாமணிக்குப் புரையேறியது. இருமல் அடங்கியதும், "நம்ம பானையும் அதுலதானோ?" என்றார்.

அந்நேரம் வலி தெரியாமலிருக்கக் கொடுத்த மருந்தின் வேகமும் தணிந்துவிட்டது போலும். பழைய பங்குகள் பழைய வலியோடு முடிந்திருந்ததால், வார்டில் இருந்த போன்கள் புதிதாகச் சிணுங்கின. 'தவமணிக்கு வலி. பங்கு எடுக்கிறீர்களா?' ஊர் முழுக்க எத்தனையோ போன்கள் அப்போது சிணுங்கியிருக்கும். நிலோஃபர் தன் கருவியைப் பார்த்தாள். பூஜ்யம். ஊரின் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஞானசிகாமணியின் கை அவர் போனுக்குப் போனது. சந்தனக்கனியின் கையும் இடுப்புக்குப் போனது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க எடுக்கலைன்னா நான் எடுக்கலை, அண்ணாச்சி," என்றாள் சந்தனக்கனி.

"சத்தியமா?"

"சத்தியமா."

இருவரும் போனைக் கவிழ்த்து வைத்தார்கள்.

தவமணி அண்ணாச்சியின் முகம் மெல்ல மாறியது. முதலில் ஆச்சரியம். பிறகு கண்கள் விரிந்தன. பிறகு வார்டே அதிரும்படி ஒரு சத்தம். பல வாரமாகக் கேட்காத சத்தம். டாக்டர் இசக்கியம்மாள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஓடிவந்தார்.

"எங்க அண்ணாச்சி வலிக்கி? எங்க?"

"இங்க டாக்டர்! இந்தா, இங்க!" தவமணி கண்ணீரோடு, ஒற்றை விரலால், தன் விலாவில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"நல்லது," என்றார் டாக்டர். "அங்கதான் வலிக்கணும்."

சந்தனக்கனி நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் நெரித்த நெரிப்பில் அவள் வளையல் ஒன்று உடைந்தது.